நெடுந்தீவில் ஓர் இரவு தங்குங்கோ

நெடுந்தீவுக்குப் போகப்போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, "எந்த வள்ளத்தில் திரும்புறியள்?" என்பதுதான். பெரும்பாலானவர்களிடம் ஒரே பதில்தான் இருக்கும்: காலமை போய்ப் பின்னேரம் வந்திடுவம். யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் நிற்கிறவர்கள் அதில் ஒரு நாளை நெடுந்தீவுக்கு ஒதுக்குகிறார்கள். அந்த நாளிலும் பாதி பஸ்ஸிலும் கடலிலும் போய்விடும். மிச்சமிருக்கும் நாலைந்து மணித்தியாலத்தில் ஓட்டோ ஒன்றைப் பிடித்து, பெருக்கு மரம், புறாக்கூடு, கோட்டை, குதிரை, வளரும் கல் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடிவருவார்கள். பிறகு கேட்டால், "பெரிசாப் பாக்க ஒண்டுமில்லை, சரியான வெயில்" என்பார்கள்.

அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையில் நெடுந்தீவில் வெயிலைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. குதிரைகள் எங்காவது ஒதுங்கிவிடும். சனம் வீட்டுக்குள் இருக்கும். கல்லும் மண்ணும் வெள்ளையாகப் பளிச்சிட்டுக் கண்ணைக் கூசவைக்கும். அந்தத் தீவு வடிவாக இருக்கிற நேரம் கடைசி வள்ளம் வெளிக்கிட்ட பிறகு தொடங்கி, அடுத்தநாள் முதல் வள்ளம் வந்து சேரும்போது முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். ஓர் இரவு அங்கே தங்குங்கோ. தங்குகிற மாதிரித் திட்டம் போட முடியாவிட்டால், அந்த நாளில் நயினாதீவுக்குப் போய்வாருங்கோ. அது அரை நாளுக்குப் பொருத்தமான தீவு.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். தென்னை நிழல், சாய்வு நாற்காலி, நீச்சல் குளம் என்ற நினைப்போடு வருகிறவர்களுக்கு நெடுந்தீவு சரிவராது. இது பனையின் ஊர். ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவான தட்டைச் சுண்ணக்கல் நிலம். மலையும் இல்லை, ஆறும் இல்லை. யாழ்ப்பாணத்தைச் சுற்றிச் சனம் வாழ்கிற தீவுகளில் இதுதான் கரையிலிருந்து மிகவும் தள்ளி, பாக்கு நீரிணைக்குள் தனியாகக் கிடக்கிறது. கச்சதீவு கூட நிர்வாகத்தில் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குள்தான் அடங்குகிறது. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயரை வைத்தபோது வேலணை லைடன் ஆனது, காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆனது. மற்றவற்றை இன்று பெரும்பாலும் சரித்திரப் புத்தகத்தில்தான் பார்க்கலாம். டெல்ஃப்ற் மட்டும் இன்னும் வரைபடங்களிலும் ஆங்கிலப் பலகைகளிலும் நிற்கிறது.

எப்போது போவது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். தை பிற்பாதியில் இருந்து பங்குனி வரை என்பது என் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தீவின் குளங்களும் கேணிகளும் நிரம்பும், தெற்குப் பக்கத்து வெளி முழுக்கப் புல் எழும்பும். ஆனால் அந்த மாதங்களில் கடலை நம்ப முடியாது; தாழமுக்கம் ஒன்று வந்தால் வள்ளமே ஓடாது. வாடை தணிந்து தை பிறந்த பிறகு கடல் படிகிறது, தரையில் பச்சையும் மிச்சம் இருக்கிறது, குதிரைகள் கொழுத்து மினுங்கும். சித்திரையில் வெயில் உச்சிக்கு ஏறும். வைகாசியில் சோளகம் எழும்பிவிட்டால் புரட்டாதி வரை ஓயாது. வள்ளம் அலையை விலாவில் வாங்கிக்கொண்டு ஆடி ஆடிப் போகும். ஆடி ஆவணியில் புல் கருகி, குளங்கள் வெடித்துக் கிடக்கும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகள் தண்ணீர் இல்லாமல் செத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் போனால் குதிரையைப் பார்க்கலாம், ஆனால் விலா எலும்பை எண்ணிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும்.

நல்ல பருவத்துக்குள்ளும் ஒரு சில நாட்களைத் தவிருங்கோ. மாசி, பங்குனியில் வருகிற கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குச் சனம், நெடுந்தீவு வள்ளம் வெளிக்கிடுகிற அதே குறிகட்டுவானில் இருந்துதான் வள்ளம் ஏறும்; துறையே நிரம்பி வழியும். அதேபோல ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. போயா நாட்களில் அங்குள்ள நாகதீப விகாரைக்குத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். கொழும்பில் இருக்கிற எங்களுக்குப் போயாவோடு சேர்ந்த சனி ஞாயிறுதான் வசதியான லீவு என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் விடிய முதல் பஸ்ஸைப் பிடியுங்கோ.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து 776 ஆம் இலக்க பஸ் குறிகட்டுவானுக்குப் போகிறது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே எடுக்கும். வான் பிடித்துப் போகிறவர்கள் கொஞ்சம் முந்தலாம், ஆனால் இந்தப் பாதையைப் பஸ்ஸின் யன்னலோரத்தில் இருந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். பண்ணைத் தாம்போதியில் ஏறியவுடனேயே இரண்டு பக்கமும் தண்ணீர். மாசியில் போனால் பரவைக் கடலில் பூநாரைகள் நிற்கும். சிறகுவலைத் தடிகள் வரிசை வரிசையாகத் தண்ணீருக்குள் நட்டிருக்கும். வேலணை தாண்டியதும் வாணர் தாம்போதி; அதற்கு அங்காலே புங்குடுதீவு.

புங்குடுதீவில் பஸ் போகும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் பாருங்கோ. நாற்சார் வீடுகள், கல்வீடுகள், மதில்கள், கேற்றில் இன்னும் வாசிக்கக்கூடிய பெயர்கள். கூரை விழுந்து, நடு முற்றத்தில் ஆலமரம் முளைத்து நிற்கிறது. 1991 இல் தீவகத்துச் சனம் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தது. பலர் திரும்பவில்லை. அவர்களின் பிள்ளைகள் இன்று பாரிசிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். அந்த வெறுமையைப் புங்குடுதீவில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவழிக் கிராமம்' தொகுப்பில் எழுதினார். பயணத்துக்கு முன்னம் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தால் வாசித்துவிட்டு ஏறுங்கோ. சுற்றுலா வழிகாட்டிகள் இந்தப் பத்துக் கிலோமீற்றரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்கு ஒரு வரிசை, நெடுந்தீவுக்கு ஒரு வரிசை. நயினாதீவு கால் மணித்தியாலம், வள்ளம் வந்தும் போயும் கொண்டே இருக்கும். நெடுந்தீவுக்குக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும்தான். குமுதினி, வடதாரகை, இவற்றோடு தனியார் வள்ளங்களும் ஓடுகின்றன. நேரம் பருவத்துக்கும் கடலுக்கும் திருத்த வேலைக்கும் ஏற்ப மாறும். இணையத்தில் கிடைக்கிற நேர அட்டவணையை நம்பி வெளிக்கிடாதேங்கோ. தங்கப்போகிற வீட்டுக்காரரிடம் முதல்நாள் பின்னேரம் கேட்டால் அடுத்தநாள் எது எத்தனை மணிக்கு ஓடும் என்று சரியாகச் சொல்வார்கள். அவர்களின் வீட்டுச் சாமானே அந்த வள்ளத்தில்தான் வரவேண்டும், தெரியாமல் இருக்குமா?

கிடைத்தால் குமுதினியில் போங்கோ. கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் எடுக்கும் மரக்கலம். மேல் தட்டிலிருந்து குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கவேண்டும். உள்ளே சுற்றிவர மரப் பலகை இருக்கைகள். கடல் மட்டம் உங்கள் தோள் உயரத்தில் இருக்கும். பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் உரசிப் போகிற சத்தம் கேட்கும். டீசல் மணமும் கருவாட்டு மணமும் கலந்திருக்கும். காலடியில் மா மூடைகள், முட்டைத் தட்டுகள், காஸ் சிலிண்டர், மூச்சுவிடத் துளை போட்ட பெட்டிக்குள் கோழிக்குஞ்சுகள், புத்தம் புது மெத்தை ஒன்று, யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போகிற கதவு நிலை. மேலே மோட்டார் சைக்கிள்களைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். எனக்கு எதிரே இருந்த ஆசிரியை, வள்ளம் ஆடிய ஆட்டத்தில் பேனை கோணாமல், ஒரு கட்டுக் கொப்பியைத் திருத்தி முடித்தார். நாளாந்தம் வந்துபோகிற ஆசிரியர்களும் அரச அலுவலர்களும் இதில்தான் வருகிறார்கள். யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிற நோயாளர் இதில்தான் போகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்காக இந்த வள்ளம் ஓடவில்லை.

ஆகவே இடம் குறைவான நாளில் முதலில் ஏற வேண்டியவர்கள் தீவுச் சனம். திரும்பும் வள்ளத்தில் இது இன்னும் முக்கியம். நெடுந்தீவின் மாவிலித்துறையில் ஒரு முறை, முண்டியடித்து ஏறப்பார்த்த இளம் பொடியன் ஒருவனைப் பார்த்து வயதான அம்மா ஒருவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்கள் நாளைக்கும் போகலாம் தம்பி. எனக்கு இண்டைக்குத்தான் கிளினிக்." அவன் உடனே விலகி, அம்மாவின் பையையும் வாங்கி ஏற்றிக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

குமுதினிக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. 1985 மே 15 ஆம் திகதி, நெடுந்தீவில் இருந்து வெளிக்கிட்ட இந்த வள்ளத்தை நடுக்கடலில் மறித்து, உள்ளே இருந்தவர்களை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதற்குள். கடற்படையினரே செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் தீவுச் சனம் கூடி விளக்கேற்றுகிறது. சுற்றுலாப் பதிவில் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்கிறவர்கள் இருக்கலாம். நீங்கள் கைபேசியை உயர்த்திப் படம் எடுக்கிற அதே வள்ளத்தில், பக்கத்து இருக்கையில், அன்று தாயைப் பறிகொடுத்த ஒருவர் இருக்கக்கூடும். அது தெரிந்து ஏறுகிறவர் வேறு மாதிரி இருப்பார்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வள்ளத்தின் நடுப்பகுதியில் இருங்கோ, வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறாதேங்கோ. உயிர்காப்பு அங்கி கொடுத்தால் போடுங்கோ. அவ்வளவுதான்.

இனித் தங்குகிற இடம். தீவில் விடுதிகள் சில இருக்கின்றன, அறை கொடுக்கிற வீடுகளும் உண்டு. நான் எப்போதும் வீட்டைத்தான் சொல்வேன். இரண்டு மூன்று நாளைக்கு முன்னமே தொலைபேசியில் கதைத்து, எத்தனை பேர், எத்தனை நேரச் சாப்பாடு என்று சொல்லிவிட வேண்டும். திடீரென்று போய் இறங்கி "சாப்பாடு இருக்கா?" என்று கேட்க இது யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதி இல்லை. மரக்கறி வள்ளத்தில் வரவேண்டும். மீன் மட்டும் கரையிலேயே கிடைக்கும், அதுவும் அன்று கடலுக்குப் போனவர் கொண்டுவந்ததுதான். அன்றைக்குக் கணவாய் என்றால் கணவாய், நண்டு என்றால் நண்டு. பட்டியல் பார்த்துத் தெரிவு செய்கிற பழக்கத்தைக் குறிகட்டுவானிலேயே விட்டுவிட்டு வாருங்கோ. முன்கூட்டிச் சொன்னால் ஒடியற்கூழ் காய்ச்சித் தருவார்கள். பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, மீன் தலை, நண்டு, கணவாய் எல்லாம் போட்டு, ஒடியல் மாவைக் கரைத்து விட்டு, பழப்புளியும் செத்தல் மிளகாயும் உறைக்க உறைக்க. அதைப் பனையோலைப் பிளாவில் குடிக்கவேண்டும். பின்னேரத் தேத்தண்ணியோடு புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் வைத்தார்கள் என்றால் நீங்கள் நல்ல வீட்டில்தான் இறங்கியிருக்கிறீர்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தத் தீவில் பெறுமதியான பொருள் தண்ணீர்தான். மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உவர்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாகத் தேங்கி நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மிதக்கிறது. மெதுவாக அள்ளினால் மேலே உள்ள நல்ல தண்ணீர் வரும். மோட்டார் போட்டு இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் அடுத்த மாரி வரைக்கும் அந்தக் கிணறு கெட்டுப்போகும். சாராப்பிட்டிப் பக்கம் பழங்காலக் கிணறுகள் கூட்டமாக இருக்கின்றன. எங்கே தோண்டினால் நல்ல தண்ணீர் நிற்கும் என்பதை அந்தக் காலத்து மனிதர் எப்படியோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இப்போது உவர்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிற ஏற்பாடு வந்திருக்கிறது. என்றாலும் வறட்சியில் சனம் பரல்களை வரிசையாக வைத்துக் காத்திருக்கிறது.

நான் தங்கிய வீட்டு அக்கா, அறையைக் காட்டிய கையோடு சொன்னது இது: "குளிக்கிறதெண்டால் வடிவாக் குளியுங்கோ பிள்ளை. வாளியிலை அள்ளிக் குளியுங்கோ. குழாயைத் திறந்துவிட்டிட்டு நிண்டு யோசிக்காதேங்கோ." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வாளி, ஒரு கோப்பை, குளியலறைக்கு வெளியே வாழைக்கு ஓடுகிற வாய்க்கால். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது. சவர்க்காரம் குறைவாகப் பாவியுங்கோ என்று அவர் சொல்லவில்லை. வாழையைப் பார்த்தவுடன் நானே குறைத்தேன். குடிக்கிற தண்ணீரைப் பெரிய கானில் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுபோங்கோ. சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலாக வாங்கிப் போகாதேங்கோ. வெறும் போத்தலை எங்கே போடுவது? கொண்டுபோன குப்பை எல்லாவற்றையும் திரும்பும் வள்ளத்தில் கொண்டுவந்துவிடுங்கோ.

காசு கையில் இருக்கட்டும், அட்டையை நம்பாதேங்கோ. மின்சாரம் பெருநிலத்து மின்வலையோடு இணைந்தது இல்லை, டீசல் மின்பிறப்பாக்கியில்தான் காலம் காலமாக ஓடியது. சூரிய ஒளியையும் காற்றையும் சேர்த்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் மின்சாரம் தருகிற திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2022 இல் உடன்பாடு எழுதினார்கள். ஒரு ரோர்ச் லைற் கொண்டுபோனால் எதற்கும் நல்லது.

பகல் வெயிலில் ஒன்றும் செய்யாதேங்கோ. சாப்பிட்டுவிட்டுப் படுங்கோ. நாலு மணிக்கு எழும்பி, சைக்கிள் கிடைத்தால் சைக்கிளில், இல்லாவிட்டால் ஓட்டோவில் வெளிக்கிடுங்கோ. பகல் சுற்றுலாக்காரர் அந்த நேரத்தில் எல்லாரும் போய்விட்டிருப்பார்கள். ஓட்டோக்காரருக்கு ஒரு வழமையான சுற்று இருக்கிறது. பெருக்கு மரம் அவசியம் பார்க்க வேண்டியது. ஆபிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். அடிமரம் கோறையாகி, ஆள் உள்ளே நிற்கலாம். வைத்தியசாலைக்குப் பக்கத்தில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு. சேதி அனுப்பப் புறா வளர்த்த கூடு, பவளக்கல்லால் கட்டியது. கடற்கரையோரம் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பாவித்த கோட்டையின் சிதைந்த சுவர்கள். வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்கிற இடத்தில் இருப்பவை பழைய பௌத்த தூபிகளின் அடித்தளங்கள். முக்குவ அரசன் வெடியரசனின் கதை அதற்குமேல் வளர்ந்திருக்கிறது. வளரும் கல்லும் பாறையில் உள்ள பெரிய பாதமும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம். தனிநாயகம் அடிகளின் தந்தை வழி ஊர் இது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவரின் வேர் இந்தக் கல்லு நிலத்தில் இருந்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட எனக்கு அந்தத் தீவின் வேலிகள்தான் பெரிது. யாழ்ப்பாணத்தில் கிடுகும் பனையோலையும் கிளுவையும் வேலி. நெடுந்தீவில் கல். கடலடியில் உருவான பவளக்கல்லை, சாந்து இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இடுப்புயரம், சில இடங்களில் நெஞ்சுயரம். ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து போகும். கிட்டப் போய்க் குந்தியிருந்து ஒரு கல்லைப் பாருங்கோ. ஒன்றில் நட்சத்திரப் பொறிப்பாகச் சின்னக் குழிகள், ஒன்றில் இடியப்பம் பிழிந்து விட்டதுபோல வளைவுகள், ஒன்றில் சிப்பி அப்படியே பதிந்திருக்கும். கற்களுக்கு இடையில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி. சோளகம் அந்த இடைவெளிகளால் ஊடறுத்துப் போவதால்தான் வேலி விழுவதில்லை என்று ஒரு ஐயா எனக்கு விளங்கப்படுத்தினார். அடைத்துக் கட்டிய மதில் காற்றோடு மல்லுக்கட்டி விழுந்துவிடும், இது காற்றை விடும் என்றார். மாடு தள்ளி இரண்டு கல் விழுந்தால், அந்த வழியால் போகிற யாரும் குனிந்து எடுத்துத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள். புதிதாக வருகிற வீடுகள் சிலவற்றில் சீமெந்துக் கல் மதில் எழும்பத் தொடங்கியிருக்கிறது. அது எனக்குக் கவலை. அந்த வேலியில் இருந்து ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்துக்கொண்டு போகிறவர்களையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து எடுக்காதேங்கோ.

பொழுதுபட முன்னம் தெற்கே குவிந்தாப் பக்கம் போங்கோ. பழைய காலத்தில் கப்பலுக்கு அடையாளமாகக் கட்டிய கோபுரம் அங்கே நிற்கிறது. சுற்றிவர வெளி, எதிரே பாக்கு நீரிணை. இருட்டியதும் அந்தப் பக்கம் கடல் முழுக்க மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் பனைகளுக்கு மேலே வானம் நிறைய வெள்ளி. வீட்டுக்காரர் கதைக்கிற கதைகளைக் கேளுங்கோ. எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் வெளிநாட்டில், யாரோ ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிள்ளையின் படிப்புக்காக வாடகை வீட்டில். தீவை விட்டுப் போகாததற்கு ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அந்தக் காரணம் நாலு மாடாக இருக்கும்.

அடுத்தநாள் ஐந்து மணிக்கு எழும்புங்கோ. முதல்நாளே ஓட்டோக்காரரிடம் சொல்லி வையுங்கோ. நீங்கள் தங்கியதே இந்த ஒரு மணித்தியாலத்துக்காக. தெற்கு வெளியில் விடிகிற நேரத்தில் குதிரைகள் தண்ணீருக்கு வரும். முதலில் பனிப்புகாருக்குள் அசைகிற கபில நிறம் மட்டும் தெரியும். பிறகு தலை, பிடரி. இவை உயரம் குறைந்த குதிரைகள், பிடரி மயிர் அடர்த்தி, வால் நிலத்தைத் தொடும். ஐந்து, ஆறு, பத்து என்று கூட்டமாக வரும். பெட்டைகளும் குட்டிகளும் தண்ணீரில் வாய் வைக்க, ஆண் குதிரை மட்டும் குடிக்காமல் உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து பக்கவாட்டில் நிற்கும். காது இரண்டும் உங்கள் பக்கம். நீங்கள் அசையாமல் நின்றால் ஒரு காது திரும்பும், பிறகு மற்றது. கடைசியில் தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடிக்கும். அந்தக் கடிக்கிற சத்தம் கேட்கும் தூரத்தில் நான் நின்றிருக்கிறேன். குட்டி ஒன்று ஓடிவந்து, நின்று, மூக்கை விரித்து என்னை மோந்துவிட்டுத் திரும்பி ஓடியது.

போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளின் வழி இவை என்கிறார்கள். ஒல்லாந்தர் இந்தத் தீவைக் குதிரை வளர்க்கிற பட்டியாகவே வைத்திருந்தார்கள். அந்த லாயத்தின் தூண்கள் இன்னும் வெளியில் வரிசையாக நிற்கின்றன. வெள்ளைக்காரருக்குக் குதிரை தேவைப்படாமல் போன காலத்தில் மிஞ்சியவை காட்டுக் குதிரைகள் ஆயின. 2015 இல் தீவின் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். அதே புல்லில்தான் ஊரவரின் மாடும் ஆடும் மேய்கிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் தண்ணீர் காணவேண்டும் என்பதுதான் இந்தத் தீவின் பெரிய கணக்கு. சில பேர் மோட்டார் சைக்கிளில் குதிரையைத் துரத்தி, அவை ஓடுவதைப் படம் பிடிக்கிறார்கள். வறண்ட மாதத்தில் ஒரு பெட்டைக் குதிரையை ஒரு கிலோமீற்றர் ஓடவிட்டால் அதற்கு அந்த நாளுக்கான தண்ணீர் எங்கே? துரத்த ஒத்துக்கொள்கிற ஓட்டோவில் ஏறாதேங்கோ. ரொட்டியோ பிஸ்கற்றோ கொடுக்கவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருந்து வருகிற நண்பர்கள் வழி கேட்டிருந்தார்கள். சென்னையில் இருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஓகஸ்ட்டில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் அதுவும் நிற்கும், ஆகவே பதிவு செய்ய முன்னம் விசாரியுங்கோ. எந்த வழியால் வந்தாலும், நெடுந்தீவில் இருந்து திரும்புகிற அன்றைக்கே விமானமோ கொழும்பு பஸ்ஸோ பிடிக்கிற மாதிரிப் போடாதேங்கோ. காற்று எழும்பினால் வள்ளம் நிற்கும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இடையில் ஒரு நாளை யாழ்ப்பாணத்துக்கு வையுங்கோ. வள்ளம் நேரத்துக்கு வந்தால் அந்த நாளில் நல்லூருக்குப் போகலாம், நூலகத்துக்குப் போகலாம்.

கடைசியாக ஒன்று. அறை பதிய வீட்டுக்காரரோடு கதைக்கும்போது, "வரேக்கை உங்களுக்கு என்ன கொண்டரட்டும்?" என்று கேளுங்கோ. முதலில் வேண்டாம் என்பார்கள். இன்னொருக்கால் கேளுங்கோ. நான் கேட்டபோது அக்கா சொன்னது கறிவேப்பிலை, பச்சை மிளகாய், ஒரு கிலோ கரட், அவவின் அம்மாவுக்குப் பிரஷர் குளிசை. சீட்டைப் படம் எடுத்து அனுப்பினா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் முதல்நாள் பின்னேரமே வாங்கி வைத்துவிட்டால் காலமை முதல் பஸ்ஸைத் தவறவிட மாட்டீர்கள்.